தோழனைத் தடுப்பதும் உதவியே

உயிர் நமக்குச் சொந்தமான பொருளன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானத். ஒருவர் நம்பிக் கொடுத்துவைத்த நகையைத் தெருவில் போட்டுவிட்டு, 'தொலைய வேண்டுமென்பது விதி' என்று சொன்னால் யாரேனும் ஒப்புவார்களா? ஆனால் சாலை விபத்தில் ஒரு வாலிபர் மவுத்தாகிவிட்டால் நாம் அதைத்தான் சொல்கிறோம். 'ஹயாத் அவ்வளவுதான்' என்று கூறி, ஜனாஸாவை அடக்கிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். மறுநாளே அவருடைய தோழர்கள் மூவர் ஒரே மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள்.

ஹயாத்தும் மவுத்தும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்பதில் முஸ்லிமுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கத்ரை நம்புவது வேறு. கவனக்குறைவைக் கத்ரால் மூடி மறைப்பது வேறு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டும்படியே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தலைக்கவசம் அணிவதும் வேகத்தைக் குறைப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதைப் போன்றவையே.

'வேண்டுமென்றா மோதினான்?' என்று சிலர் கேட்கலாம். தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டவர் மீதும் திருக்குர்ஆன் (4:92) நஷ்டஈட்டையும் பரிகாரத்தையும் விதித்திருக்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். எண்ணம் இல்லாததால் குற்றத்தின் தன்மை மாறலாம். போன உயிருக்குரிய பொறுப்பு நீங்கிவிடாது.

இந்திய அரசின் கணக்குப்படி, 2022 இல் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தலைக்கவசம் அணியாமல் சென்று இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்களே அல்லர். பின்னால் அமர்ந்து சென்றவர்கள். உலகில் 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதற்காரணம் சாலை விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்த வயதினருக்கு யார் சொன்னால் மனத்தில் ஏறும்? வாப்பா சொன்னால், 'அவர் காலம் வேறு' என்பார்கள். போலீஸ்காரர் நின்றால் அந்தத் தெருமுனை வரைதான் அச்சம். ஆனால் பின்னால் இருக்கும் தோழன், 'மெதுவாகப் போ. இல்லையேல் இறங்கிக்கொள்கிறேன்' என்றால் கை தானாகத் தளரும். வேகம் காட்டுவதே தோழர்கள் மெச்சவேண்டும் என்பதற்காகத்தான். மெச்சுவோர் இல்லையானால் பந்தயமும் இல்லை.

'அவன் வண்டி, அவன் உயிர், நமக்கென்ன?' என்று ஒதுங்கலாமா? கப்பலின் கீழ்த்தட்டில் இருப்போர் தண்ணீருக்காகத் தம் இடத்தில் ஓட்டை போடுகிறார்கள். மேலே உள்ளவர்கள் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உவமை கூறினார்கள். சாலையும் அத்தகைய கப்பல்தான். அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவுமாறு அவர்கள் கூறியபோது, எப்படி என்று தோழர்கள் வியந்தார்கள். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே உதவி என்பது கிடைத்த விளக்கம். தோழனின் வண்டிச் சாவியை ஒரு நாழிகை வாங்கி வைப்பதும் அத்தகைய உதவியே.

ஆயினும் நாலுபேர் முன்னிலையில் அவமானப்படுத்துவது திருத்துவதாகாது. தனியே அழைத்து, அன்பாகச் சொல்லவேண்டும். சொல்பவர் தாமும் கடைப்பிடிக்கவேண்டும். தலையில் தொப்பி இருப்பதால் தலைக்கவசம் வேண்டாம் என்று எண்ணுவோருக்கு, வண்டியில் கவசமும் பள்ளிவாசலில் தொப்பியும் என்று அவரே நடந்து காட்டலாம்.

பெரியவர்களுக்கும் பங்குண்டு. வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் புரிந்தால், 2019 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கக்கூடும். சட்டத்துக்கு அஞ்சுவதைவிட, மறுமையில் அமானத்தைப் பற்றிக் கேட்கப்படுவதற்கு அஞ்சவேண்டும்.

ஜமாஅத்தார் வாலிபர்களைக் கண்டிப்பதோடு நிறுத்தாமல் அவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கட்டும். தராவீஹ் முடிந்த பின்னும் ஸஹர் நேரத்திலும் தெருக்களில் பந்தயம் நடக்காமல் பார்க்கும் வேலையை அவர்களுக்கே கொடுக்கலாம். ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் ஒரு மாணவரே தம் வயதினரிடம் பேசட்டும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதே ஈமானின் கிளையென்றால், பாதையில் வரும் மரணத்தைத் தடுப்பது எத்தகைய நன்மை!

வாலிபச் சகோதரர்களே! உங்கள் தோழனின் ஜனாஸாவைச் சுமப்பது அவனுக்கு நீங்கள் செய்யும் கடைசிக் கடமை. அவன் உயிரோடிருக்கும்போது வாய்திறந்து தடுப்பது அதற்கு முந்திய கடமை. அதை நிறைவேற்றும் துணிவை வல்ல அல்லாஹ் உங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.