வடலூர் அடுப்பும் நெய்வேலி உலையும்

கடலூர் மாவட்டத்தில் சுமார் பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு தீ எரிகின்றன. வடலூர் சத்திய தருமச்சாலையில் 1867 மே 23 அன்று வள்ளலார் இராமலிங்க அடிகள் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நெய்வேலியில் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய அனல்மின் உலைகளும், ஒன்று மூடப்பட்டால் இன்னொன்றாக, அறுபது ஆண்டுகளைக் கடந்து எரிகின்றன. இரண்டும் வறுமையைப் போக்க மூட்டப்பட்டவை. வடலூரில் தீயின் பயனும் செலவும் ஒரே வளாகத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன. நெய்வேலித் தீயின் பயன் ஓர் ஊருக்குப் போகிறது, சுமை வேறோர் ஊரில் விழுகிறது. பயன் இன்றைக்கு, சுமை பேரன் காலத்துக்கு. புவி வெப்பமயமாதல் சமயச் சிந்தனையின் முன் வைக்கும் கேள்வி இதுதான்: வினை செய்தவர் ஒருவர், விளைவைச் சுமப்பவர் வேறொருவர் என்றால், அறத்தின் கணக்கை எப்படிப் போடுவது?

நெய்வேலியின் வரலாறு ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது, பொங்கி வந்த தண்ணீரோடு கறுப்பான ஒரு பொருளும் வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று ஆய்வில் தெரியவந்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே, சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரி வளம் பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த நாட்டில், தமிழகத்தின் பம்புசெட்டுகளுக்கும் ஆலைகளுக்கும் வீட்டு விளக்குகளுக்கும் சொந்த மண்ணிலிருந்தே மின்சாரம் கிடைத்தது. அந்தத் தலைமுறை அதைப் பெருமையாகக் கருதியதில் தவறில்லை.

பழுப்பு நிலக்கரி இன்னும் முற்றாத நிலக்கரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரஞ்செடிகளின் எச்சம் அது. எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். சில கட்டிகளை உடைத்துப் பார்த்தால் மரத்தின் நாரோட்டம் அப்படியே தெரியும். அந்த மரங்கள் உயிரோடிருந்தபோது காற்றிலிருந்து உறிஞ்சிய கரி, உலையில் சில நொடிகளில் காற்றுக்கே திரும்புகிறது. ஒரு டன் நெய்வேலி நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயு வெளியாகும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவை ஒட்டிய நிலக்கரி வேண்டும். மாலை 6 மணிக்குப் போட்ட 75 வாட் மின்விசிறியைக் காலை 7 மணிக்கு நிறுத்தும்போது, எங்கோ ஒரு கிலோ நிலக்கரி எரிந்து முடிந்திருக்கிறது. விறகும் எரியும்போது கரியமில வாயுவைத்தான் விடுகிறது. ஆனால் வெட்டிய இடத்தில் இன்னொரு மரம் வளர்ந்தால், சில பத்தாண்டுகளில் அது திரும்ப உறிஞ்சப்படும். நிலத்தடியில் யுகக்கணக்கில் உறங்கிய கரியை எடுத்துவிட்டால், மனித ஆயுளின் அளவில் அதைத் திரும்ப வைக்க வழியில்லை.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் உலகெங்கும் எரிக்கப்பட்டதால், தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. வெளிவிடப்படுவதில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் தாவரங்களும் மண்ணும் உள்வாங்குகின்றன. எஞ்சியது காற்றில் தங்குகிறது. அதில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் இருக்கும். 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011-2020இல் புவியின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. காற்று, கடல், நிலம் ஆகியவை சூடேறியதற்கு மனிதச் செயலே காரணம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021இல் அறிவித்தது.

காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால் மழை கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. கடலூர் மாவட்டத்தின் அண்மைக் கால நினைவுகள் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கவை. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. சுரங்கங்களிலும் வெள்ளம் புகுந்தது. ஒரு புயலையோ ஒரு மழையையோ காட்டி, இது இந்த உலையால் வந்தது என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட நாள்களின் கடுமை கூடிவருகிறது என்பதையே அறிவியல் சொல்கிறது. வாழ்நாளில் நூறு யூனிட் மின்சாரத்தைக்கூட வீணாக்காத ஒரு பலாத்தோப்புக்காரர், உலகம் முழுவதும் எரித்ததன் பங்கைத் தம் தோப்பில் சுமக்கிறார்.

வானத்தின் வழியாக வரும் துன்பத்துக்கு முன்பே, மண்ணின் வழியாக வரும் துன்பம் இருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரியை எட்ட, மேலே கிடக்கும் மண்ணைப் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு இராட்சத இயந்திரங்கள் அகழ்ந்து மலையாகக் குவிக்கின்றன. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் சுரங்கத்தைப் பிளந்துகொண்டு மேலே வராதிருக்க, இரவும் பகலும் நீரை இறைக்க வேண்டும். ஒரு காலத்தில் மோட்டார் இல்லாமலே பொங்கி வழிந்த கிணறுகளின் நீர்மட்டம் ஆழத்துக்குப் போய்விட்டது. ஊர்களே இடம்பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில், முன்பே கையகப்படுத்தப்பட்ட நிலத்தில் கால்வாய் வெட்ட, கதிர் பிடிக்கும் பருவத்து நெற்பயிர் மீது மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று அன்று தமிழகமெங்கும் எழுந்த கேள்வி, சட்டத்தைக் கடந்து அறத்தைத் தொட்ட கேள்வி.

இந்த மாவட்டத்தில் வேர்விட்ட சமயங்கள் மூன்று இக்கேள்வியை அணுக மூன்று வழிகளைத் தருகின்றன. முதலாவது சமணம். கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலிபுத்திரம் என்ற பெயரோடு புகழ்பெற்ற சமண நிலையமாக இருந்தது. மண், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஒவ்வொன்றையும் உடம்பாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பது சமணக் கொள்கை. இல்லறத்தார் செய்யலாகாத தொழில்கள் என்று பதினைந்தைச் சமண நூல்கள் வரிசைப்படுத்துகின்றன. கரி சுட்டுப் பிழைப்பதும், மண்ணைப் பிளந்து பிழைப்பதும், நீர்நிலையை வற்றச் செய்வதும் அவற்றில் அடங்கும். நெய்வேலியின் தொழிலில் எரித்தல், அகழ்தல், நீர் இறைத்தல் என மூன்றும் உண்டு. இந்தப் பட்டியல் சுரங்கத் தொழிலாளியைப் பழிக்க அல்ல, தொழிலின் கனத்தை அளக்க உதவுகிறது. செய்பவரின் உள்ளம் எவ்வளவு நல்லதானாலும் செயலுக்கு ஒரு கனம் உண்டு, அது உயிர்கள் மீதே விழுகிறது என்பது சமணத்தின் எச்சரிக்கை. ஆனால் அந்த வழியை முழுதாகப் பின்பற்றினால் விலகி நிற்பதே முடிவாகும். விசிறியும் பம்புசெட்டும் வேண்டியிருக்கும் சமூகம் எங்கே விலகி நிற்கும் என்பதற்கு அதில் எளிதான விடையில்லை.

இரண்டாவது சைவ சித்தாந்தம். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்தது இதே மாவட்டத்தின் திருப்பெண்ணாகடத்தில். சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கிறது. குவித்துவைத்த மூட்டை சஞ்சிதம். அதிலிருந்து இப்போது அனுபவிக்கும் பங்கு பிராரத்தம். அனுபவிக்கும்போதே புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். காற்றில் தங்கிய கரியமில வாயுவை இந்த மூன்று சொற்களால் விளக்கலாம் என்றே தோன்றும். இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்தது ஒரு மூட்டை, இன்றைய வெயிலும் வெள்ளமும் அதன் பங்கு, இன்று எரிப்பது நாளைய மூட்டை. ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. சித்தாந்தத்தில் ஓர் உயிர் செய்த வினை அந்த உயிரையே சேரும். இங்கே ஒருவர் மூட்டை இன்னொருவர் தலையில் ஏறுகிறது.

முறியும் அந்த இடத்திலேயே சித்தாந்தம் ஆழமான ஒன்றைக் கற்பிக்கிறது. வினை சடப்பொருள், தன்னைச் செய்தவன் யார் என்று அறிந்து, தேடிப்போய் அவனைச் சேரும் அறிவு அதற்குக் கிடையாது, ஆகவே வினையைச் செய்தவனோடு கூட்டிவைக்க அறிவுடைய இறைவன் வேண்டும் என்பது அதன் வாதம். கரியமில வாயுவும் சடம். புகைபோக்கியை விட்டு வெளியேறியதும் எரித்தவரின் பெயர் அதில் இல்லை. அது தானாகத் திரும்பிவந்து எரித்தவரை வருத்தப் போவதில்லை. மறுமையில் இறைவன் என்ன செய்வான் என்பது நம்பிக்கையின் பாற்பட்டது. இம்மையில் செயலையும் பொறுப்பையும் கூட்டிவைக்கும் வேலை, அறிவுடைய மனிதரின் கையில்தான் இருக்கிறது. வினைப்பயன் தானாக நடக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பவர், சித்தாந்தம் சடத்துக்கு மறுத்த அறிவைச் சடத்துக்கே கொடுத்துவிடுகிறார்.

செயலையும் பொறுப்பையும் கூட்டிவைக்கும் அந்தக் கணக்கை உலக அளவில் எழுத நடந்த முயற்சி, 1992இல் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் இடம்பெற்ற பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு என்னும் கோட்பாடு. இன்றும் ஓர் இந்தியரின் பங்காக ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு வருகிறது. ஓர் அமெரிக்கரின் பங்கு அதைப் போல ஏழு மடங்கு. எனவே நெய்வேலியின் உலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. ஆனால் அந்த நியாயம் நாட்டுக்குள்ளும் செல்ல வேண்டும். உலக அரங்கில் ஏழையின் பெயரால் வாதாடும் நாடு, உள்ளூரில் ஏழையின் வயலையே அதற்கு விலையாக வைத்தால் வாதம் தன் காலையே வெட்டிக்கொள்கிறது.

மூன்றாவது வழி வள்ளலாருடையது. 1866ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் கொடுமை ஆறாத காலத்தில்தான் தருமச்சாலை தொடங்கியது. பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை ஆகியவற்றால் உயிர்களுக்குத் துன்பம் வருகிறது என்று அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் நூல் வகுக்கிறது. பசியை நீக்குவதும் கொலையை நீக்குவதும் அவற்றுள் தலையாயவை. வறட்சியும் வெள்ளமும் கொண்டுவருவதையும் இந்தப் பட்டியல் கொண்டே எண்ணலாம். பசித்தவர் தம் முன்வினையால் பசிக்கிறார் என்றால் மற்றவர் ஏன் இரங்க வேண்டும் என்ற கேள்வியையும் அந்நூல் எதிர்கொள்கிறது. சிறையிலிருக்கும் குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவளிக்கிறான் என்பது அதன் விடை. இரக்கம் கணக்கு முடியும்வரை காத்திருக்காது. உயிர்கள் எல்லாம் ஓரினம் என்னும் ஆன்ம உரிமையே அதற்குப் போதிய காரணம். அப்படியிருக்க, குற்றமே செய்யாமல் துன்பப்படுபவருக்கு இரங்க இன்னும் என்ன காரணம் வேண்டும்? உரிமை உயிரைப் பற்றியது என்பதால், இனிப் பிறக்கப்போகும் உயிரையும் அதிலிருந்து விலக்க முடியாது.

ஜீவகாருண்யத்தைச் சோறு போடுவதோடு நிறுத்திக்கொள்வது பொதுவாக நேரும் பிழை. பசி வந்தபின் அதை ஆற்றுவது ஒரு கடமை என்றால், பசியை உண்டாக்கும் செயலைக் கைவிடுவதும் அதே கடமையின் மறுபாதி. வெள்ள நிவாரணம் கொடுப்பது முதல் பாதி. வெள்ளத்தைக் கடுமையாக்கும் தீயைப் படிப்படியாகத் தணிப்பது இரண்டாம் பாதி.

இங்கே அறிவின் பங்கு முக்கியமானது. 1957இல் சுரங்கத்தைத் தொடங்கியவர்கள் நாட்டின் இருட்டைக் கண்டார்கள். கரியமில வாயு புவியைச் சூடேற்றுவதை அன்றைய பொதுஅறிவு அறிந்திருக்கவில்லை. அவர்கள் மூட்டிய தீ அறியாமல் செய்தது, நன்மை நாடிச் செய்தது. இன்று மூட்டப்படும் அதே தீ அறிந்து செய்வது. இரண்டையும் ஒரே செயலாகக் கருத முடியாது. முன்னோரைப் பழிக்கவும் தேவையில்லை, அவர்கள் பெயரைச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

அதற்காக உலையை நாளையே அணைக்க வேண்டும் என்று கருணை கேட்பதில்லை. திடீரென அணைந்தால் முதலில் இருட்டாவது எளியவர் வீடு. முதலில் வேலையிழப்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. மாற்றம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. நெய்வேலியிலேயே 130 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்குகிறது. நிகரக் கரி வெளியீட்டை 2070க்குள் சுழியமாக்குவதாக இந்தியா 2021இல் அறிவித்தது. கருணையின் அளவுகோல் இந்த மாற்றத்தின் ஒவ்வொரு படியிலும் வைக்கப்பட வேண்டும்: மூடப்படும் உலையில் வேலை செய்தவருக்கு அடுத்த வேலை எது? வற்றிய கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? வெட்டி முடித்த சுரங்கத்தின் மண் மறுபடி யாருடைய வயலாகும்?

தருமச்சாலைக்கான நிலம் பார்வதிபுரத்து ஊரார் கொடுத்தது. அரிசியும் காய்கறியும் விறகும் இன்றும் மக்கள் கொண்டுவருபவை. கொடுத்தவர் குடும்பத்தில் எவரேனும் பசியோடு வந்தால் அதே அடுப்பிலிருந்து அவருக்கும் இலையில் சோறு விழும். நெய்வேலியைச் சுற்றிலும் வீடு நிலம் கொடுத்தவர்கள் என்றே ஒரு மக்கள் கூட்டம் அழைக்கப்படுகிறது. அந்த உலை தந்த ஒளியில் அவர்களுக்கும், அதன் வெப்பத்தைச் சுமக்கப்போகும் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் உரிய பங்கு போய்ச் சேருவதே, வினையையும் பொறுப்பையும் கூட்டிவைக்கும் வேலையின் தொடக்கம்.