நுழையும் உரிமையும் நிறுவும் உரிமையும்

ஒரு கருவியைப் பயன்படுத்தும் உரிமை வேறு, அதை ஆக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உள்ள உரிமை வேறு. அலுவலகப் பணிக்கான மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய விவாதங்களின் அடியில் கிடக்கும் மெய்யியல் கேள்வி இந்த வேறுபாட்டிலிருந்தே எழுகிறது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் போன்ற வணிக மென்பொருளின் மூலநிரல், அதாவது அது எவ்வாறு இயங்க வேண்டும் என்று மனிதர் படித்தறியும் வடிவில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பு, நிறுவனத்திடமே இருக்க, பயனர் பெறுவது உரிம ஒப்பந்தம் இடம் கொடுக்கும் அளவுக்கான பயன்பாடு மட்டுமே. லிப்ரெஆஃபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருளிலோ, எந்த நோக்கத்துக்கும் இயக்குவது, உள்ளே ஆராய்ந்து திருத்துவது, படியெடுத்துக் கொடுப்பது, திருத்திய வடிவத்தைப் பரப்புவது ஆகிய நான்கு உரிமைகளும் பயனரைச் சேர்கின்றன. 1983-ல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்து, 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், இதைத் தொழில்நுட்ப வசதியாகக் கருதாமல் அறவியல் கடமையாகவே முன்வைத்தார்.

இந்தக் கேள்வி அரசுக் கொள்கையாகவே உருக்கொண்ட இடங்களுள் கேரளத்தின் தென்கோடி குறிப்பிடத்தக்கது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால் பாறசாலையும் நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரும் மாநில எல்லையின் ஒருபுறமும், களியக்காவிளை மறுபுறமும் அமைந்தன. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் மக்கள் எல்லையின் இருபுறமும் வாழ்ந்தாலும், அவர்களுடைய பிள்ளைகள் பயின்ற கணினிகள் வேறுபட்டன. கேரளத்தில் 2001-ல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், வணிக மென்பொருளை மையமாகக் கொண்ட பாடத்திட்டத்துக்கு ஆசிரியர்களிடையே எழுந்த எதிர்ப்புக்குப் பின்னர், படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அத்தகைய மென்பொருளை ஊக்குவிப்பதை மாநிலத்தின் 2007-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் ஏற்றது. தமிழ்நாட்டிலோ 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கருவிகள், விண்டோஸும், சி-டாக் என்னும் நடுவண் அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளமும் ஒருங்கே இடப்பட்டு மாணவர் கைக்கு வந்தன. ஓர் அரசு மாணவருக்காகத் தானே தேர்ந்தெடுக்க, மற்றோர் அரசு இரண்டையும் கொடுத்துத் தேர்வை மாணவரிடம் விட்டது எனத் தோன்றும். ஆயினும் சந்தையில் ஏற்கெனவே ஓங்கி நிற்கும் ஒன்றோடு மற்றொன்றை அருகில் வைப்பது நடுநிலையான செயல்தானா என்பதும் ஐயத்துக்குரியதே.

கேரளத்தின் முடிவுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் நியாயம் சிக்கனம். 2019-ல் பள்ளிகளுக்கான புதிய லினக்ஸ் பதிப்பு வெளியானபோது, ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று கைட் என்னும் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் மதிப்பிட்டது. ஆனால் இரண்டு லட்சம் கணினிகளுக்கு உரிமங்களை வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைக் கொண்டு கணக்கிட்ட இத்தொகை, உண்மையில் எந்த அரசும் செலவிட்டிருக்க வாய்ப்பில்லாத பணம். மேலும், நாளை வணிக மென்பொருள் நிறுவனமே மாணவர்களுக்கு எல்லாவற்றையும் விலையின்றி வழங்க முன்வந்தால் சிக்கன வாதம் அன்றே வலுவிழக்கும். ஆகவே தேர்வுக்கு உறுதியான அடிப்படை ஒன்று உண்டெனில், அது விலைக்கு அப்பால்தான் இருக்க வேண்டும்.

அத்தகைய அடிப்படையைத் தேடுவோர் நெய்யாற்றின் கரையைவிட்டு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1888-ல் சிவராத்திரியன்று, நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள அருவிப்புறத்தில், ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார் நாராயண குரு. பிரதிஷ்டை என்பது இறையுருவை மந்திர முறைப்படி ஓரிடத்தில் நிலைநிறுத்தும் சடங்கு. அன்றைய திருவிதாங்கூரில் அது அந்தண மரபினருக்கே உரியதாகக் கருதப்பட்டது. ஈழவக் குடும்பத்தில் பிறந்த குரு அனுமதி கேட்கவில்லை; அனுமதி வழங்கும் அதிகாரம் பிறரிடம் உண்டு என்பதையே தம் செயலால் மறுத்தார். இதற்கு 48 ஆண்டுகள் கழித்து, 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மன்னர் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம், அரசின் கட்டுப்பாட்டிலிருந்த கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. இரண்டும் பெரு நிகழ்ச்சிகளே என்றாலும், இரண்டும் ஒரே வகையின அல்ல. பிரகடனம் வாயிலைக் கடந்து நுழையும் உரிமையை அளித்தது. அருவிப்புறமோ நிறுவும் உரிமை யாருடையது என்னும் கேள்வியை எழுப்பியது. நுழைவை அளித்தவர் அதன் நிபந்தனைகளையும் வகுக்கலாம். நிறுவும் உரிமையைக் கைக்கொண்டவரிடம் அவ்வாறு நிபந்தனை விதிக்க எவருமில்லை.

வணிக மென்பொருள், இலவசமாகவே வந்தாலும், நுழைவை மட்டுமே தருகிறது. கட்டற்ற மென்பொருள் நிறுவும் உரிமையைத் தருகிறது. மூலநிரலைத் திறந்து பார்ப்பவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை எனில் அவ்வுரிமையால் ஏனையோருக்கு என்ன பயன் என்ற மறுப்பு இங்கு எழும். ஓர் உரிமையின் மதிப்பு அதைக் கையாள்வோரின் எண்ணிக்கையில் இல்லை, அது இருப்பதால் எல்லோருடைய நிலையும் மாறுவதில் இருக்கிறது என்பதே இதற்கான விடை. ஓப்பன்ஆஃபீஸ் தொகுப்பு 2010-ல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குச் சென்றபோது, அதன் போக்கில் நம்பிக்கை இழந்த பங்களிப்பாளர்கள் அதே மூலநிரலைக் கொண்டு அவ்வாண்டு செப்டம்பரில் லிப்ரெஆஃபீஸைத் தொடங்கினர். அதன் பயனை நிரல் எழுதத் தெரியாத கோடிக்கணக்கானோர் பெற்றனர். மலையாளக் கணிமைக்காக 2002-ல் உருவான சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு, தன்னுடைய மீரா எழுத்துருவின் வழியில் மீரா இனிமை என்னும் தமிழ் எழுத்துருவையும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. 1956-ல் வரைந்த எல்லைக்கோட்டைக் கடந்து ஒரு மொழியார் அண்டை மொழிக்குச் செய்த இக்கொடைக்கு எந்த நிறுவனத்தின் வணிகக் கணக்கும் குறுக்கே நிற்கவில்லை.

எனினும் இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. சாதி விலக்கு பிறப்பின்மேல் சுமத்தப்பட்ட இழிவு. மென்பொருள் உரிமமோ விரும்பி ஏற்கும் ஒப்பந்தம், அதை ஏற்பவரின் மானம் அதனால் குறைவதில்லை. இரண்டையும் சமமாக்கினால் முதலாவதன் கொடுமை சிறுத்துப்போகும். இன்னொன்றும் கவனத்துக்குரியது: கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ஒரு சாராரிடம், வணிக மென்பொருளைத் தொடுபவரையே தாழ்வாக நோக்கும் மனப்பாங்கு காணப்படுகிறது. விடுதலைக்கான கொள்கை தூய்மைக் கோட்பாடாகத் திரிந்தால், தீட்டுக்கு எதிரான மரபிலிருந்து தீட்டே புது வடிவில் பிறந்ததாகிவிடும். வேலைக்காக எக்செல் கற்கும் நெய்யாற்றின்கரை இளைஞரோ, அலுவலகம் கேட்கும் வடிவில் கோப்பை அனுப்பும் எழுத்தரோ அறப்பிழை எதுவும் செய்தவரல்லர்.

தனிமனிதருக்கு விருப்பமாக உள்ள இத்தேர்வு, அரசுக்குக் கடமையாகிறது. அரசின் ஆவணம் அரசின் உடைமையன்று, மக்களுக்காக அது காத்துவரும் பொருள். அதன் திறவுகோல் ஒரே நிறுவனத்திடம் இருப்பது அறங்காவலர் நெறிக்கு ஒவ்வாது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமாகிய ஒருங்குறிக்கு முன் வானவில், பாமினி போன்ற தனித்தனிக் குறியேற்றமுடைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ்க் கோப்புகள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகத் தோன்றுவதைத் தமிழ் அலுவலகங்கள் நன்கறியும். ஓடிஎஃப் எனப்படும் திறந்த ஆவண வடிவம் 2006-ல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டதும், மைக்ரோசாஃப்டின் போட்டி வடிவத்துக்கு எதிராக இந்தியா வாக்களித்ததும், நடுவண் அரசு 2010-ல் திறந்த தரநிலைக் கொள்கையை அறிவித்ததும் இந்த அக்கறையின் பாற்பட்டவை. குடிமகன் எந்த மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்று கட்டளையிட அரசுக்கு உரிமையில்லை; ஒரு நிறுவனத்தின் பொருளை வாங்கினால்தான் நிரப்ப முடியும் என்ற நிலையில் விண்ணப்பப் படிவத்தை வைக்கவும் அதற்கு உரிமையில்லை.

அருவிப்புறத்தில் கல்லை நிலைநிறுத்தியதோடு செயல் முடிந்துவிடவில்லை. அக்கோயிலைப் பேணத் தோன்றிய குழுவே வளர்ந்து 1903-ல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகமாயிற்று. நிறுவும் உரிமையோடு பேணும் உழைப்பும் சேர்ந்தே வருகிறது என்பதைக் கட்டற்ற மென்பொருளை ஏற்ற அரசுகள் பலநேரம் மறந்துவிடுகின்றன. பாறசாலைப் பள்ளியில் லிப்ரெஆஃபீஸ் இருந்தும், எந்தப் பட்டியலில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது மட்டுமே பாடமானால், அங்குள்ள மாணவருக்கும் கிடைப்பது நுழைவுதான். வாயில் மட்டுமே வேறு. இருக்கும் கருவியைத் தன் மொழிக்கும் தேவைக்கும் ஏற்பத் திருத்தலாம், திருத்தியதை அண்டை ஊருக்கும் கொடுக்கலாம் என்ற துணிவை அப்பள்ளி ஊட்டுமானால்தான், சிக்கனத்தின் பெயரால் எடுக்கப்பட்ட ஒரு நிர்வாக முடிவு அறத்தின் பெயரால் நிலைக்கத் தகுதி பெறும்.