பந்தியும் பத்தியமும்

கொழும்பிலே கொச்சிக்கடையை அறிந்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் புனித அந்தோனியார் ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் கத்தோலிக்கர் யார், சைவர் யார், பௌத்தர் யார் என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மெழுகுதிரி ஏற்றிவிட்டு வெளியே வருபவர்களிற் சிலர், அப்படியே நடந்து பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் மண்டபத்துக்குள் நுழைவதும் உண்டு. துறைமுகத் தொழிலாளரும் சிறு வியாபாரிகளும் எழுதுவினைஞரும் நெருக்கியடித்துக் குடியிருக்கும் அங்குள்ள தோட்டங்களிலே ஒரே சுவரின் இரு பக்கத்திலும் இரு மதங்கள் வாழும். ஒரு வீட்டுத் தாளிப்பின் மணம் அடுத்த வீட்டுப் படுக்கை வரை போகும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி அந்த ஆலயத்திலே குண்டு வெடித்துப் பலர் மாண்ட பின்னரும், அந்த அயலுறவு முற்றாக அறுந்துவிடவில்லை.

இப்படி நெருங்கி வாழ்ந்த மக்கள் சோற்றைப் பற்றிச் சில மரியாதைகளைக் கற்றுக்கொண்டார்கள். இஸ்லாமிய அயலவர் உண்ணும் இடத்திற்குப் பன்றி இறைச்சி போகாது. வெள்ளிக்கிழமை சைவ வீட்டுக்கு மீன்கறி கொடுத்தனுப்பமாட்டார்கள். பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கக் குடும்பத்தை இறைச்சி விருந்துக்கு அழைக்கமாட்டார்கள். எவரும் சட்டம் போட்டு இவற்றைக் கற்பிக்கவில்லை. பக்கத்து மனிதனின் மனம் புண்படக்கூடாது என்ற உணர்வே இவற்றைக் கற்பித்தது.

இத்தனை நுட்பமாகப் பிறர் மனத்தை அறிந்து நடக்கத் தெரிந்த நாம், பிறர் உடம்பை அறிந்து நடக்க ஏன் தவறுகிறோம்? மதத்தின் பெயரால் ஒருவர் "வேண்டாம்" என்றால் கையைப் பின்னே இழுத்துக்கொள்கிறோம். நோயின் பெயரால் ஒருவர் "வேண்டாம்" என்றால் சிரிக்கிறோம். இக்கேள்வியை மற்றவர்களை நோக்கி எழுப்பும் தகுதி எனக்கு இல்லை. முதலிற் குற்றவாளியாக நின்றவன் நானே.

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை விடுமுறையின்போது எங்கள் தோட்டத்து மூன்று குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து நுவரெலியாவிலே ஒரு வீட்டை நான்கு நாட்களுக்கு வாடகைக்கு எடுத்தோம். தனித்தனியே வீடெடுக்க எவரிடமும் வசதி இல்லை. பதினான்கு பேருக்கு மூன்று அறைகள், ஒரு சமையலறை, ஓர் அடுப்பு. புறப்படுவதற்கு முதல் நாள், கத்தோலிக்கக் குடும்பத்துத் தாய் என்னை அழைத்து, "தம்பி, பிள்ளைக்குக் கஜு ஒத்துக்கொள்ளாது. அது பட்ட சட்டியில் சமைத்தாலும் ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்" என்றார். அவருடைய மகனுக்கு அப்போது ஒன்பது வயது. "அதற்கென்ன அக்கா, அவனுக்குக் கொடுக்காமல் விட்டாற் போச்சு" என்றேன். சட்டியைப் பற்றி அவர் சொன்னது என் செவியில் விழுந்தது, மனத்தில் விழவில்லை.

கண்டி வீதியிலே பஸ்யாலைக்கு அருகில் கஜுகம என்றோர் இடம் உண்டு. தெருவோரத்திலே பெண்கள் வரிசையாக நின்று கஜு விற்பதனாலேயே அவ்விடம் புகழ் பெற்றது. வேனை நிறுத்தச் சொல்லி ஒரு பை நிறைய வாங்கியவன் நான். அன்றிரவு அந்த வீட்டுச் சமையலறையில் நடந்தவற்றை இன்று நினைத்தாலும் வியப்பாகவே இருக்கிறது. சைவ அம்மாவுக்காக ஒரு பானை தனியே கழுவி வைக்கப்பட்டது. இஸ்லாமிய நண்பரின் குடும்பத்துக்காகக் கோழி ஹலால் கடையில் வாங்கப்பட்டிருந்தது. அத்தனை கவனம்! ஆனால் கஜுக்கறியைக் கிளறிய அகப்பையை அப்படியே பருப்புக் கறிக்குள் இட்டுக் கிளறியவனும் நானே. "அகப்பையைக் கழுவினீர்களா?" என்று அந்தத் தாய் கேட்டார். "இவ்வளவு பயந்தால் பிள்ளை எப்படி வளரும்?" என்று யாரோ ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். சிரிப்பின் முன்னே அந்தத் தாய் வாயடைத்துப் போனார்.

பருப்பும் சோறும் உண்ட பிள்ளை சிறிது நேரத்தில் தொண்டையைச் சொறிந்தான். உதடு வீங்கியது. உடம்பெங்கும் தடித்தது. மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. வேனில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். தொடையிலே ஓர் ஊசி போட்டார்கள். மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. பிள்ளை பிழைத்துக்கொண்டான். மறுநாட் காலையில், கண்விழித்திருந்து களைத்த அந்தத் தாய் எங்களிடம் வந்து சொன்ன வார்த்தை இது: "குறை நினைக்காதீர்கள், எங்களால் உங்கள் பயணம் கெட்டுப்போய்விட்டது." தவறு செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டவர் அவர். ஊசி போட்ட இரவைவிட அந்தக் காலையே என்னை அதிகமாகச் சுட்டது.

என் அறியாமைக்கு ஒரு சமாதானம் உண்டா என்று பின்னர் தேடிப் படித்தேன். சமாதானம் கிடைக்கவில்லை, அறிவுதான் கிடைத்தது. 1902இல் ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடற்சாமந்தி என்ற உயிரியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றி ஆராய்ந்தார்கள். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்களின் பின் அதிலும் மிகக் குறைந்த அளவை ஏற்றியபோது சில நிமிடங்களிலே சாகும் நிலைக்கு வந்தது. பழகப் பழகத் தாங்கும் சக்தி வளரும் என்று எண்ணியிருந்த உலகுக்கு இது பேரதிர்ச்சி. இவ்வாராய்ச்சிக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். இடையிலே, 1906இல், வியன்னா நகரத்து வைத்தியர் பிர்கே இத்தகைய மாறுபாடுகளுக்கு "அலர்ஜி" என்ற பெயரைச் சூட்டினார். தமிழிலே ஒவ்வாமை என்கிறோம்.

நோய்க்கிருமிகளிலிருந்து நம்மைக் காக்க வேண்டிய உடம்பின் காவற்படை, கஜு, கச்சான், இறால், முட்டை, பால் முதலிய உணவுகளில் உள்ள ஒரு புரதத்தைப் பகைவன் என்று தவறாகக் கருதிவிடுகிறது. அடுத்த முறை அது உள்ளே வந்ததும் உடம்பெங்கும் போர் மூள்கிறது. மூச்சுவழி வீங்குகிறது; இரத்த அழுத்தம் விழுகிறது. அட்ரினலின் ஊசி உடனே கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். சிலருக்கு அகப்பையில் ஒட்டிய அளவே போதும். வறுத்தாலும் அவித்தாலும் கஜுவின் அந்தக் குணம் போய்விடுவதில்லை. துணியால் துடைத்த சட்டி சுத்தமான சட்டி ஆகாது. சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவ வேண்டும். "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள்" என்று அடுப்படியிலே சொல்லப்படும் உபதேசம், வைத்தியரின் மேற்பார்வையில்லாத இடத்திலே கொலைக்குச் சமமானது.

அறிவு இல்லாமைதான் காரணம் என்று கூறி இத்துடன் முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. சைவ விரதத்தின் தத்துவத்தை அறிந்துதானா நான் பானையைக் கழுவினேன்? ஹலாலின் விதிகளை அறிந்துதானா கோழி வாங்கினேன்? இல்லை. அவற்றின் பின்னே ஒரு சமூகம் நிற்கிறது. கோயிலும் பள்ளிவாசலும் நிற்கின்றன. மீறினால் ஊர் கேட்கும். அந்தப் பிள்ளையின் பின்னே நின்றவர் ஒரு தாய் மட்டுமே. அவரும் எங்கள் சிரிப்புக்கு அஞ்சினார். எங்களுடைய மரியாதை பலத்துக்குச் செலுத்திய மரியாதையாக இருந்ததேயன்றி மனிதனுக்குச் செலுத்தியதாக இருக்கவில்லை. ஒருவனுடைய "வேண்டாம்" என்ற சொல்லுக்குப் பின்னே ஆயிரம் பேர் நிற்கிறார்களா என்று பார்த்துத்தான் அதற்குச் செவிசாய்ப்போம் என்றால், நம் சகிப்புத்தன்மையைப் பற்றி நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது?

"இதெல்லாம் பணக்காரர் வியாதி" என்று இகழ்பவர்களும் உளர். ஒவ்வாமை வருமானம் பார்த்து வருவதில்லை. வருமானம் தீர்மானிப்பது வேறொன்றை: அதிலிருந்து தப்பும் வழியை. பணம் உள்ளவன் தனி வீடு எடுப்பான். தனிச் சமையற்காரனை வைத்துக்கொள்வான். ஓர் அடுப்பைப் பதினான்கு பேர் பகிரும் இடத்திலே, பிள்ளையின் உயிர் பக்கத்து மனிதனின் மனச்சாட்சியை நம்பியே இருக்கிறது. ஆகவே இது ஏழைகளுக்கும் நடுத்தர மக்களுக்கும் உரிய அறப்பிரச்சினை. கூட்டாக வாழ்பவனுக்குத்தான் கூட்டு ஒழுக்கம் இன்றியமையாதது.

ஒருவனுக்காகப் பதின்மூன்று பேர் நாவைக் கட்ட வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒருவருடைய விருப்பமெல்லாம் மற்றவர்களுக்கு விதியாகிவிட முடியாது. கருவாட்டின் மணம் பிடிக்கவில்லை என்பவருக்காக யன்னலைத் திறந்துவிடலாம். கருவாட்டையே கைவிட வேண்டியதில்லை. விரதம் என்பவருக்குத் தனிப்பானை வைத்துக் கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்து என்பவரிடம் அளவுகோல் மாறிவிடுகிறது. ஒரு பக்கம் நான்கு நாட்கள் கஜு இல்லாத கறி. மறுபக்கம் ஒரு குழந்தையின் மூச்சு. இதை நிறுத்துப் பார்க்கத் தராசு தேவையா? நோயுள்ளவருக்கும் ஒரு கடமை உண்டு. எது கூடாது, எவ்வளவு கூடாது, வந்தால் என்ன செய்வது என்பதைத் தயக்கமின்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர் தயங்காமற் சொல்லக்கூடிய சூழலைப் படைப்பது மற்றவர்களின் கடமை. சிரிப்பு அந்தச் சூழலைக் கெடுத்துவிடும் என்பதை நான் கண்கூடாகக் கண்டேன்.

இவ்விடத்திலே முற்போக்கு எண்ணம் படைத்தவர்களின் மனத்தில் ஒரு தயக்கம் எழக்கூடும். தனிச் சட்டி, தனிக் கரண்டி என்ற சொற்களைக் கேட்டாலே நம்முடைய வரலாறு கூசுகிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்திலே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. அதை எதிர்த்து 1924, 1925ஆம் ஆண்டுகளிலே வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய குரல் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் வார்த்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பின்னரும், அந்தக் கொடுமையை ஒழிக்க 1960களின் பிற்பகுதியில் மக்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. சமபந்திக்காகப் போராடியவர்களின் வழிவந்த நாம் இன்று தனிக் கரண்டிக்காக வாதாடுவதா?

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தயக்கம் தீரும். சிரட்டையை வைத்தவன் தன் பெருமையைக் காக்க வைத்தான். அதன் இழிவைச் சுமந்தவன் குடித்தவன். நம் சமையலறையிலே வைக்கும் கரண்டி பலவீனமான ஓர் உயிரைக் காக்க வைப்பது. அதைக் கழுவும் சிரமத்தைச் சுமப்பவர்கள் பலமுள்ளவர்கள். சிரட்டை மனிதனைப் பந்தியிலிருந்து வெளியே தள்ளியது. இந்தக் கரண்டி அவன் பந்தியிலே அச்சமின்றி உட்கார வழி செய்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. "உன் பிள்ளைக்கு வேண்டுமானால் நீயே மூலையில் சமைத்துக்கொள்" என்று தாயிடம் கூறி நாம் கஜுக்கறி உண்போமானால், பழைய சிரட்டையைப் புதிய பெயரில் மீட்டுவிட்டோம் என்றே பொருள். முடிந்த இடத்திலெல்லாம் பொதுப் பானையே மாற வேண்டும். எல்லாருக்கும் ஒரே கறியைப் பரிமாறுவதால் மட்டும் சமபந்தி வந்துவிடாது. இலையின் முன் அமர்ந்த ஒவ்வொருவரும் உண்ணக்கூடியதைப் பரிமாற வேண்டும்.

மேல்நாடுகளிலே இதற்குச் சட்டம் செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலே 2014 டிசம்பர் முதல், ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்களைப் பற்றி உணவு விற்பவர் வாங்குபவருக்கு அறிவிக்க வேண்டும். 2016இல் இங்கிலாந்தைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமி ஒருத்தி, எள் கலந்திருப்பதை அறியாமல் உண்ட ரொட்டியால் இறந்தாள். நம் வீடுகளிலே உருண்டை பிடித்து உண்ணும் அதே எள்! அவளுடைய பெற்றோரின் போராட்டத்தின் பயனாக, விற்கும் இடத்திலேயே பொதிசெய்து வைக்கும் உணவுக்கும் முழு விபரச்சீட்டு வேண்டும் என்ற சட்டம் அங்கே 2021 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கடைக்காரனைக் கட்டுப்படுத்தும். வாடகை வீட்டுச் சமையலறைக்குள்ளே எந்தச் சட்டமும் வந்து அகப்பையைக் கழுவாது. அங்கே நாமேதான் கழுவ வேண்டும்.

நம் முன்னோர் பத்தியம் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். வீட்டிலே ஒருவர் மருந்துண்டால், அடுப்படி முழுவதும் அவருக்கேற்பச் சில நாட்கள் மாறும். அதை எவரும் செல்லம் என்று பழிக்கவில்லை. அந்த உணர்வை வீட்டுச் சுவருக்கு வெளியே, நண்பரோடும் அயலவரோடும் பகிரும் அடுப்புக்கும் நீட்டினாற் போதும். புறப்படுமுன் கேட்டறிவது, வாங்குமுன் யோசிப்பது, சமைக்குமுன் கழுவுவது, வீட்டை விட்டு வரும்போது பின்னால் வரும் முகந்தெரியாத குடும்பத்துக்காகச் சட்டி பானைகளைச் சுத்தமாக வைத்துவிட்டு வருவது: இவ்வளவுதான்.

மறு ஆண்டும் அதே மூன்று குடும்பங்களும் புறப்பட்டோம். அந்தத் தாய் முதலில் வர மறுத்தார். "உங்களுக்கு ஏன் வீண் தொந்தரவு?" என்றார். நாங்கள் மற்ற இரு வீட்டாரும் போய் அவரை அழைத்தோம். வேன் கஜுகமவைக் கடந்தபோது எவரும் நிறுத்தச் சொல்லவில்லை. அன்றிரவு சமைக்குமுன் அகப்பைகளையெல்லாம் வெந்நீரில் கழுவி வரிசையாக அடுக்கிவைத்தவர் அந்தச் சைவ அம்மா. தாய் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. மகனைப் பந்தியில் இருத்திவிட்டு, இம்முறை அவரும் எங்களோடு உட்கார்ந்து உண்டார்.