இலவசக் குடை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. கொள்ளுத்தாத்தா 1937இல் பெரம்பலூர் பக்கத்து மானாவாரிக் காட்டை விட்டுவிட்டு, நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' ஏறி பினாங்கு போனபோது கொண்டுபோன பெட்டி. பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து அவர் வாங்கிய ரெண்டு காணியில்தான் நாங்கள் படித்தோம். "கப்பக்காரன் புண்ணியம்" என்பாள் அப்பாயி. அதே அப்பாயி, டூரிங் டாக்கீஸில் 'கப்பலோட்டிய தமிழன்' பார்த்துவிட்டு ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

அந்தக் கப்பக்காரன் யார் என்று நான் தேடிப் போனதுதான் வினை.

ராஜுலா, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. அப்போது கம்பெனியின் தலைவர் இஞ்ச்கேப் பிரபு. இயற்பெயர் ஜேம்ஸ் மெக்கே. ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் ஊரில் ஒரு கப்பல் தலைவருக்கு 1852இல் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1874இல் கல்கத்தாவுக்கு வந்து, பி.ஐ. கப்பல்களை நிர்வகித்த மெக்கின்னன் மெக்கன்சியில் சேர்ந்து பங்குதாரரானார். வைஸ்ராயின் சட்டசபையில் இருந்தார். 1897 முதல் 1911 வரை லண்டனில் இந்திய மந்திரியின் ஆலோசனை சபையில் உறுப்பினர். 1911இல் பிரபுப் பட்டம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பெயர் இஞ்ச்கேப்: ஆர்ப்ரோத் கடலில் கப்பல்களை உடைப்பதற்குப் பேர்போன பாறை!

அந்த 1897க்கும் 1911க்கும் நடுவில்தான் தூத்துக்குடி வருகிறது. 1906இல் வ.உ.சி. பத்து லட்ச ரூபாய் மூலதனம் என்று திட்டமிட்டு, பங்கு 25 ரூபாய் என விற்று, சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பி.ஐ. கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்தது. இவரும் குறைத்தார். கடைசியில் அவர்கள் சும்மாவே ஏறச்சொல்லி, கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பது நாம் எல்லோரும் கேட்ட கதை. 1908இல் வ.உ.சி.க்கு நாற்பது வருஷத் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கம்பெனி அதற்குள் கலைந்துவிட்டது.

இதில் மெக்கே செய்த தப்பு என்ன? கட்டணம் குறைப்பது குற்றமில்லை. தண்டனை கொடுத்தது நீதிபதி. தூத்துக்குடி சமாசாரத்துக்கு லண்டனிலிருந்து அவர் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே இல்லை. கம்பெனியும் சர்க்காரும் ஒரே ஆளுக்குள் உட்கார்ந்திருக்கும்போது யார் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும்? கொடூரமான ஆளும் இல்லை. 1928இல் அட்லாண்டிக்கைத் தாண்டப் பறந்து காணாமல்போன மகள் எல்சியின் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேலான சொத்தை, தன் நாட்டின் கடனை அடைக்கவே கொடுத்துவிட்டார். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. அவர் மேல் கோபம் வரவில்லையே என்று என் மேல்தான் கோபம் வந்தது.

குடை வாங்கினவர்களைத் திட்டுவது சுலபம். ஒரு ரூபாய் மிச்சம் என்றால் அன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் கஞ்சி! சுதேசிக் கப்பல் தன் பயணியிடம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தியாகம் கேட்டது. மற்றது எதையும் கேட்கவில்லை. ஆனால் சும்மா கிடைக்கும் டிக்கெட் பயணிக்காகப் போட்ட விலையே இல்லை; அது எதிராளிக்குப் போட்ட விலை. ஏறியவர் கையில் இருந்தது குடை. அவரைத் தூக்கி அடித்தது வ.உ.சி.யை. இதை அவர் அறிந்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு இலவச டெலிவரிக்கு ஆப் மாற்றுகிறவன் நான்.

கொள்ளுத்தாத்தா குடை வாங்கவில்லை, காசு கொடுத்துத்தான் ஏறினார், அதனால் நன்றிக்கடனும் இல்லை என்று அப்பாயியிடம் வாதாடிப் பார்த்தேன். முப்பது வருஷம் முன்னால் அந்தப் போட்டி முடிந்துபோனதால் அவருக்குச் சுதேசிக் கப்பல் என்று ஒன்று தேர்ந்தெடுக்கவே இல்லை என்றும் சொன்னேன்.

"அந்தக் கப்ப இருந்திருந்தா அதுல ஏறியிருப்பாருங்கிறியா?"

"ஏறியிருப்பாரு அப்பாயி."

"டிக்கெட்டு ரெண்டணா கூடன்னா?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றச் சொன்னாள்.