செருக்கு பாட்டிலா, பாடுபவனிடமா?

1965-இல் வெளியான ‘திருவிளையாடல்’ படத்தில் பாண்டியன் அவைக்கு வந்து சவால் விடும் ஹேமநாத பாகவதராக டி.எஸ்.பாலையா நடித்தார், குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. ‘ஒரு நாள் போதுமா’ என்ற அந்தப் பாட்டு, கதைப்படி, ஆணவத்தின் உச்சம். பாலையாவின் மிடுக்கையும் அலட்சியப் பார்வையையும் பார்க்கிறவர், இவன் தோற்றால் தேவலை என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார். வானொலியில் கேட்கிறவருக்கு அந்த நினைப்பே வருவதில்லை. தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகத்தின் பெயர் வருகிற இடத்திலேயே குரலும் அந்த ராகத்துக்குள் நுழைந்துவிடுகிறது; பாட்டு இன்னும் கொஞ்சம் நீளாதா என்றுதான் இருக்கிறது. அப்படியானால் செருக்கு எங்கே போயிற்று?

அது பாட்டில் இருந்ததே இல்லை என்பது என் கட்சி. சொற்களே தற்பெருமைதானே என்று மறுக்கலாம். ஆனால் அதே படத்தில் சிவபெருமானுக்காக டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ‘பாட்டும் நானே’யில் வரும் ‘நான்’ இதைவிடப் பெரியது. கதை தெரியாத ஒருவருக்கு இரண்டையும் போட்டுக்காட்டி, இதில் அகந்தைக்காரர் யார் என்று கேட்டால், அவர் சிவபெருமானைத்தான் கைகாட்டுவார்! ‘நான்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதைப் படம்தான் தீர்மானிக்கிறது. ஒலியில் அந்தத் தீர்ப்பு இல்லை. சைவ சித்தாந்தமும், செம்பில் களிம்புபோல, ஆணவம் உயிரைப் பற்றிய மலம் என்றே சொல்கிறது. இந்தக் கதையைச் சொல்லும் பரஞ்சோதி முனிவரின் புராணத்திலும், விறகாளாக வந்த இறைவனின் சாதாரிப் பண்ணைக் கேட்டு ஊரைவிட்டு ஓடுகிற ஹேமநாதன் தேர்ந்த இசைவாணன்தான். படத்துக்கு இசையமைத்த கே.வி.மகாதேவன் அவனுக்கு மட்டமான மெட்டைத் தராதது சரியான காரியம். மோசமாகப் பாடுகிறவனைத் தோற்கடிக்க இறைவன் எதற்கு?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. படத்தை விலக்கினால் செருக்கு உதிரும் என்றால், பக்தியும் உதிரத்தானே வேண்டும்? ஹேமநாதனோடு போட்டியிட வேண்டிய பாணபத்திரர் இறைவனிடம் முறையிடும் காட்சிக்கு டி.ஆர்.மகாலிங்கம் பாடிய ‘இசைத்தமிழ் நீ செய்த’ வெறும் உச்சஸ்தாயிப் பயிற்சியாகிவிடாதா? ஆகாது. தற்பெருமைக்கு எதிராளி வேண்டும். ஹேமநாதனின் எதிராளி பாண்டியனின் அவையிலேயே நின்றுவிடுகிறார். முறையீட்டைக் கேட்க வேண்டியவரோ அந்த அவைக்குள் அடங்கியவர் அல்ல. அதனால் கோயில் ஒலிபெருக்கியில் ஒலித்தாலும் அது யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கடவுளை நம்பாதவர் காதிலும் அது கூப்பிடும் குரலாகத்தான் விழும். வருவதற்கு ஆள் உண்டா என்பதில் மட்டும்தான் அவருக்கும் பக்தருக்கும் வழக்கு.