யார் செய்த சட்டம்?

மரவேலை செய்கிறவரின் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் இயந்திரங்களைப் பார்ப்பார்கள், பிறகு உளிகளை. சுவரில் தொங்கும் பலகைத் துண்டுகள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒன்றில் வரிசையாக நான்கு துளைகள் இருக்கும். இன்னொன்றில் ஒரு கட்டை குறுக்கே திருகப்பட்டிருக்கும். வேறொன்று வெறும் தடி. அதில் பென்சில் கோடுகள். குப்பைக்குப் போகத் தவறிய மிச்சங்கள் என்றே தோன்றும். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கராஜில் இப்படி முப்பதுக்கு மேல் வைத்திருக்கிறேன். ஒன்றுகூடக் கடையில் வாங்கியதல்ல. ஆங்கிலத்தில் இவற்றுக்கு ஜிக் என்று பெயர். ஓய்வுபெற்ற பிறகு இவற்றோடு கழியும் பொழுதுகளில் ஒரு கேள்வி என்னை விடாமல் பின்தொடர்கிறது: நாம் நமக்கு விதிக்கும் விதிக்கும் பிறருக்கு விதிக்கும் விதிக்கும் என்ன வேறுபாடு?

முதலில் ஜிக் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எட்டுக் கதிரைக்கால்களில் ஒரே இடத்தில் துளை போடவேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு காலையும் அளந்து, கோடிட்டு, துளைக்கலாம். எட்டுமுறை அளந்தால் எட்டுமுறை பிசகவும் இடமுண்டு. அதற்குப் பதிலாக ஒரு சிறு கட்டையில் சரியான இடத்தில் ஒரு துளை போட்டு, அதன் ஓரத்தில் ஒரு தடுப்பு வைத்துவிட்டால் போதும். காலின் நுனியைத் தடுப்போடு முட்டவைத்து, கட்டையின் துளை வழியே துளைத்துக்கொண்டே போகலாம். அளவு இப்போது என் தலையில் இல்லை, கட்டையில் இருக்கிறது. ஞாயிறு காலை தெளிந்த மனத்தோடு எடுத்த முடிவைப் புதன்கிழமை இரவு களைத்துப்போன கை பின்பற்றுகிறது.

தச்சுவேலை தெரியாதவர்களும் இதைச் செய்தே வந்திருக்கிறார்கள். ஊரில் மிளகாய்க்கன்று நடும்போது கயிற்றில் சம இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டு, தோட்டத்தின் இரு முனையிலும் முளையடித்து இழுத்துக் கட்டுவோம். முடிச்சுக்கு ஒரு கன்று. செங்கல் அறுக்கிறவரின் அச்சும் தச்சரின் முழக்கோலும் அதே குடும்பம்தான்.

ஜிக்குக்குத் தமிழில் ஒரு சொல் தேடினால் எனக்குச் ‘சட்டம்’ என்பதே வந்து நிற்கிறது. யன்னலைத் தாங்குவது சட்டம். படத்தைச் சுற்றியிருப்பது சட்டம். பாராளுமன்றம் இயற்றுவதும் சட்டம். எழுதப் பழகும் பிள்ளை பார்த்து எழுதுவதற்காக ஆசிரியர் மேலே எழுதிக்கொடுக்கும் முதல் வரியை மேல்வரிச்சட்டம் என்பார்கள். மரத்தைப் பிடித்துவைப்பது, மனிதரைப் பிடித்துவைப்பது, கையை வழிநடத்துவது மூன்றுக்கும் நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது.

ஜிக்கின் மேல் ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. அது கைத்திறனைக் கொன்றுவிடும், ஜிக்கை வைத்துக்கொண்டு யாரும் செய்துவிடலாம், அப்படிச் செய்தது உன் வேலையாகுமா என்பார்கள். லண்டன் ரோயல் கொலிஜ் ஒஃப் ஆர்ட்டில் தளபாட வடிவமைப்புப் பேராசிரியராக இருந்த டேவிட் பை, 1968ல் வெளியிட்ட நூலில் வேலைகளை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் ஒவ்வொரு கணமும் வேலை கெட்டுப்போகக்கூடும். முடிவு செய்பவரின் கவனத்தையும் கையையும் நம்பியிருக்கிறது. மற்றதில் வேலை தொடங்குமுன்பே முடிவு உறுதியாகிவிட்டது. முதலாவதை ஆபத்தின் வேலை என்றும் இரண்டாவதை நிச்சயத்தின் வேலை என்றும் சொன்னார். ஆனால் கலப்பில்லாத ஆபத்து கைவேலையிலும் அரிது என்பதையும் அவர் அறிந்திருந்தார். கோல் பிடித்துக் கோடு போடுகிறவர்கூடத் தன் கையை ஒரு சட்டத்துக்குள் வைத்துக்கொள்கிறார்.

என் அனுபவத்தில் ஜிக் ஆபத்தைப் போக்கிவிடுவதில்லை, முன்கூட்டியே ஓரிடத்தில் சேர்த்துவைக்கிறது. மேசைவாளில் பலகையைக் குறுக்கே அறுக்க ஒரு சறுக்குப்பலகை செய்வோம். அதன் அடியிலுள்ள இரண்டு சட்டங்கள் மேசையின் பள்ளங்களில் ஓடும். மேலேயுள்ள தடுப்புக்கட்டை வாளுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்கவேண்டும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். அதை நம்பாமல் ஐந்து வெட்டுச் சோதனை செய்வார்கள். ஒரு பலகையின் ஒரு பக்கத்தை வெட்டி, வெட்டிய பக்கத்தைத் தடுப்போடு சேர்த்துத் திருப்பி அடுத்த பக்கத்தை வெட்டி, இப்படி நான்கு பக்கமும் சுற்றிவந்து, ஐந்தாவதாக முதற்பக்கத்திலிருந்தே ஒரு கீற்று அறுத்தெடுப்பது. தடுப்பில் உள்ள கோணல் நான்கு மடங்காகி அந்தக் கீற்றில் வந்திருக்கும். 400 மில்லிமீற்றர் நீளக் கீற்றின் இரு முனைகளின் அகலத்திலும் 0.8 மில்லிமீற்றர் வேறுபாடு இருந்தால், அந்த நீளத்துக்குத் தடுப்பின் கோணல் 0.2 மில்லிமீற்றர். பிறகு ஒரு திருகாணியைத் தளர்த்தி, தடுப்பை அவ்வளவு மட்டும் நகர்த்தவேண்டும். இதற்காகவே தடுப்புக்குப் பசை போடமாட்டோம்.

இவ்வளவு பாடு எதற்கு? ஜிக்கில் உள்ள கோணல் அதில் அறுக்கும் ஒவ்வொரு பலகையிலும் இருக்கும். கைப்பிசகு ஒரு பலகையோடு போய்விடும். சட்டத்தின் பிசகு விசுவாசமாகத் திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஜிக் செய்கிறவரின் பொறுப்பு கையால் அறுக்கிறவரின் பொறுப்பைவிடப் பெரியது என்பேன்.

அந்தப் பொறுப்பை ஒருவர் ஏற்று, இன்னொருவர் அதன்படி வேலைசெய்தால் என்ன ஆகும்? எனக்கு அது ஏட்டுக் கேள்வி அல்ல. ரொறன்ரோவுக்கு வந்த நம்மவர்கள் பலரைப் போல நானும் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்தொன்பது வருடம். முதல்நாள் என்னை ஓர் இரும்புச் சட்டத்தின் முன்னால் நிறுத்தினார்கள். தகட்டை வை, பிடியை இறுக்கு, பொத்தானை அழுத்து, எடு. அரைகுறை ஆங்கிலத்தோடு வந்தவன் அன்று மாலைக்குள் நூற்றுக்கணக்கில் பிழையில்லாத துண்டுகள் செய்துவிட்டேன். அந்தச் சட்டத்துக்கு நான் நன்றியில்லாதவன் அல்ல. வாடகை கட்டியதும் ஊருக்குக் காசு அனுப்பியதும் அதனால்தான். தெரியாதவனையும் தெரிந்தவனைப்போலச் செய்யவைப்பது ஜிக்கின் கருணை.

ஆனால் பத்தொன்பதாவது வருடத்திலும் அந்தத் துண்டைப் பற்றி முதல்நாள் தெரிந்ததற்கு மேல் எனக்கு எதுவும் சொல்லித்தரப்படவில்லை. சட்டத்தை இன்னோர் அறையில் இன்னொருவர் வரைந்தார். ஒருமுறை அதன் ஊசி தேய்ந்து, துளை ஒரு பக்கம் ஒதுங்கத் தொடங்கியதை வரிசையில் நின்ற எங்கள் எல்லோருடைய விரலும் அறிந்தது. சொன்னோம். “அது உங்கள் வேலை அல்ல” என்றார்கள். மூன்று வாரம் கழித்து, துண்டுகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தபோது ஊசியை மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை, யாரும் எங்களைத் திட்டவுமில்லை. விரலுக்குத் தெரிந்ததை வாய் சொன்னால் அதற்குப் பெறுமதி இல்லை என்ற நிலைதான் உறைத்தது.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1785ல் பிரான்ஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தோமஸ் ஜெபர்சன், ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கி செய்பவரின் பட்டறைக்குப் போனார். ஐம்பது துப்பாக்கிகளின் விசைப்பாகங்கள் கழற்றிவைக்கப்பட்டிருந்தன. கைக்கு வந்த துண்டுகளை எடுத்துச் சிலவற்றைத் தாமே பூட்டினார். எல்லாம் பொருந்தின. யார் செய்தார் என்பது இனித் தேவையில்லாத பொருள்களின் காலம் அப்படித்தான் தொடங்கியது. 1903ல் பிரெடெரிக் டெய்லர் அதை வெளிப்படையாகவே எழுதினார்: மூளைவேலை முழுவதையும் பட்டறையிலிருந்து அகற்றித் திட்டமிடும் பிரிவில் சேர்க்கவேண்டும்.

ஜெபர்சன் அந்தத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்த அதே 1785ல்தான், இம்மானுவேல் காண்ட் ஒழுக்கத்தின் அடித்தளத்தை ஆராயும் சிறுநூலை வெளியிட்டார். மனிதன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்; ஆனால் தன் அறிவால் தானே விதித்துக்கொண்ட சட்டத்துக்குக் கட்டுப்படும்போதுதான் அவன் சுதந்திரமானவன் என்பது அதன் சாரம். வீட்டுப் பட்டறையில் ஜிக் செய்யத் தொடங்கிய பிறகு இது எனக்கு எளிதாக விளங்கியது. தொழிற்சாலையில் செய்ததையே கராஜிலும் செய்கிறேன்: வை, இறுக்கு, துளை, எடு. அசைவில் வேறுபாடில்லை. ஆனால் இங்கே சட்டம் செய்தவனும் அதற்குப் பணிகிறவனும் ஒரே ஆள். விரல் ஒரு கோணலை உணர்ந்தால் திருகாணியைத் தளர்த்த யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

இதோடு நிறுத்தினால் கதை சுகமாக முடிந்துவிடும். ஆனால் நான் செய்த சட்டமும் எனக்கு அந்நியமாகிவிடும். ஐந்து வருடத்துக்கு முன் செய்த சில ஜிக்குகளை எடுத்துப் பார்த்தால் எதற்கென்று தெரிவதில்லை. அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் ஐந்தாம் புத்தகத்தில் லெஸ்பொஸ் தீவின் கட்டடவேலைக்காரர் வைத்திருந்த ஈயக் கோலைப் பற்றிச் சொல்கிறார். அது கல்லின் வடிவுக்கேற்ப வளைந்துகொடுக்கும். சட்டம் பொதுவாகத்தான் பேசமுடியும், வாழ்க்கை தனித்தனியாக வருகிறது, ஆகவே நியாயத்துக்கு அப்படியொரு கோலும் வேண்டும் என்பது அவர் கருத்து. ஈயக் கோலால் செங்குத்துப் பார்க்க முடியாது. இரும்புக் கோலால் உருண்டைக் கல்லை அளக்க முடியாது. எந்த இடத்துக்கு எந்தக் கோல் என்று அறிய இன்னொரு கோல் கிடையாது. அதைக் கையோடு இருக்கும் ஆள்தான் அறியவேண்டும்.

என் மகள் இடக்கைக்காரி. பதினான்கு வயதில் பட்டறைக்கு வரத்தொடங்கினாள். சிறு கட்டைகளைக் கைவாளால் அறுக்கும்போது அசையாமல் வைத்திருக்க ஒரு பலகை உண்டு. அதன் தடுப்புக்கட்டை வலது முனையில் கொஞ்சம் குறைவாக இருக்கும், வாள் அதைத் தாண்டி இறங்குவதற்காக. அவள் அதை வைத்துக்கொண்டு சிறிது நேரம் பார்த்தாள். “அப்பா, இது உங்கட கைக்குச் செய்தது” என்றாள். குற்றம் சொல்லவில்லை, இருந்ததைச் சொன்னாள். எந்தச் சட்டத்திலும் அதைச் செய்தவரின் உடம்பு இருக்கிறது. செய்தவருக்கு அது தெரியாது. ஏனென்றால் அவருக்கு அது எங்கும் இடிக்காது.

அன்றே அவள் தடுப்பைக் கழற்றி, குறைவு இடது முனையில் வரும்படி மாற்றித் திருகினாள். ஆனால் மேசைவாளில் விரலுக்குப் பதிலாகப் பலகையைத் தள்ளும் தள்ளுகட்டை விஷயத்தில் நான் விவாதத்துக்கு இடம் கொடுக்கவில்லை. முதலில் அதைப் பிடி, பிறகு கேள்வி கேள் என்றேன். எல்லா விதியையும் விளக்கிய பிறகே விதிக்கமுடியும் என்று நான் நினைக்கவில்லை. விரல் போனபின் விளக்கம் எதற்கு? ஆனால் ‘பிறகு’ என்ற சொல்லுக்கு நான் கடமைப்பட்டவன். விளக்கம் தள்ளிப்போகலாம், இல்லாமல் போகக்கூடாது.

நம் வீடுகளை நினைத்துப் பார்க்கிறேன். ஆறு மணிக்கு முன் வீட்டுக்குள் வந்துவிடவேண்டும் என்ற விதி என் வயதுக்காரர் பலருடைய வீட்டில் இருந்தது. எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் அது உயிர்காக்கும் ஜிக். ஊரடங்குச் சட்டமும் சுற்றிவளைப்பும் இருந்த தெருவுக்காக அளந்து செய்தது. கோடைகாலத்தில் ஒன்பது மணிக்குச் சூரியன் மறையும் ரொறன்ரோவிலும் அது பல வீடுகளில் சுவரில் தொங்கியது. பிள்ளைகள் ஏன் என்று கேட்டபோது, “எங்கட ஆக்கள் அப்படித்தான்” என்ற பதில் கிடைத்தது. அது தொழிற்சாலையில் எங்களுக்குக் கிடைத்த பதிலுக்கு வெகுதூரத்தில் இல்லை. சட்டம் கெட்டது என்பதல்ல என் பேச்சு. எந்த மரத்துக்காக வெட்டியது என்று அதில் எழுதப்படவில்லை.

ஆகவே, பிறருக்கு ஒரு சட்டத்தைக் கொடுக்கிறவர் இரண்டு கடன்களைச் சேர்த்தே ஏற்கிறார் என்று நினைக்கிறேன். ஒன்று, அது எதற்கு என்று எழுதிவைப்பது. என் ஜிக்குகளில் இப்போது திகதி, வேலை, எந்த வாளுக்கு என்ற மூன்றையும் பென்சிலால் எழுதுகிறேன். மற்றது, பசை போடாமல் திருகாணியால் பூட்டுவது: வாங்குகிறவர் தன் கைக்கேற்பக் கழற்றிப் பூட்டலாம். இவை இருந்தால், இன்னொருவர் செய்த சட்டமும் காலப்போக்கில் பணிகிறவரின் சொந்தச் சட்டமாகலாம். இவை இல்லாவிட்டால், அன்போடு கொடுத்ததும் அந்த இரும்புச் சட்டம்தான்.

எனக்கு என் தாய்தகப்பனிடமிருந்து வந்த சில விதிகளில் எந்த எழுத்தும் இல்லை. செவ்வாய்க்கிழமை நகம் வெட்டாதே என்பது அவற்றில் ஒன்று. கேட்பதற்கு அவர்களும் இல்லை. அவற்றை நான் எறிந்துவிடவில்லை. சிலவற்றை இன்னும் கைக்கொள்கிறேன். மகள் கேட்கும்போது, இது எதற்கென்று எனக்கும் தெரியாது, எனக்கு இப்படித்தான் வந்தது என்று சொல்லியே கொடுக்கிறேன். வேண்டுமா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.