இரண்டு ஊர்ப் பிள்ளை

"நீ அப்பா பக்கமா, அம்மா பக்கமா?" என்று சிறு பிள்ளைகளைக் கேட்டு வேடிக்கை பார்ப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் தகப்பன் ஓர் இனம், தாய் வேறோர் இனம் என்றிருக்கும் பிள்ளைக்கு அது விளையாட்டுக் கேள்வியல்ல. ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலில் பல ஜில்லாக்காரர்கள் குடியிருக்கிறார்கள். கலப்பு மணக் குடும்பங்களும் உண்டு. ஆகையால் இதைச் சற்று யோசிப்பது நலம்.

நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். அவர் மனைவி லூசியா போலந்து தேசத்தவர். மகன் ஆடம் 1939-ல் பாங்காக் நகரில் பிறந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் தகப்பனார் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருக்க, தாயார் மூன்று பிள்ளைகளோடு திருவண்ணாமலையில் இரமணாசிரமத்தை அடுத்து வாழ்ந்தார். ஆடம் கொடைக்கானலில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்து, பதினோரு வயதில் இங்கிலாந்து போனார். பிற்பாடு அமெரிக்காவில், 1981-ல், கையில் தூக்கிச் செல்லத்தக்க கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்து பெயர் பெற்றார். அதன் எடை சுமார் 11 கிலோ. 1983-ல் அவருடைய கம்பெனி நொடித்துப்போயிற்று. உடல் நலிந்த காலத்தில் கொடைக்கானலில் சகோதரியிடம் வந்து தங்கி, 2003-ல் அங்கேயே காலமானார்.

இவர் எந்த ஊர்க்காரர்? இரத்தத்தைப் பங்கு பிரித்தால் தமிழ்நாட்டுக்கு ஒரு துளியும் சேராது. ஆயினும் தளர்ந்த காலத்தில் அவர் வந்து சேர்ந்தது தகப்பன் ஊருமல்ல, தாய் ஊருமல்ல; சிறு பிராயத்தில் ஓடியாடிய நாடு. உடன்பிறந்தவள் இருந்த வீடு. மனிதனை ஓரிடத்துக்கு உரியவனாக்குவது இரத்தம் மட்டுமல்ல, அங்கே அவன் பெற்ற பராமரிப்புந்தான்.

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று பிள்ளை தவிக்காதா?" என்று பெரியவர்கள் கவலைப்படுவதுண்டு. தவிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்; மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலும் தவிப்பு வருவது இரண்டு வேர் இருப்பதால் அல்ல. ஒரு வேரைப் பெரியவர்கள் மறைப்பதாலும் இழிப்பதாலுமே. தாய்வழிப் பாட்டியின் பேச்சைப் பரிகசிக்கும் வீட்டில், பிள்ளை தன்னில் ஒரு பாதியை வெறுக்கக் கற்றுக்கொள்கிறது. நிலத்தைப் பங்கிட்டால் குறையும். பாஷையும் பழக்கமும் பாட்டி சொன்ன கதையும் அப்படிக் குறைவதில்லை. இரண்டு வீட்டிலிருந்து வந்தால் பிள்ளைக்கு இரட்டிப்பு.

திமோத்தேயு கிரேக்கத் தகப்பனுக்கும் யூதத் தாய்க்கும் பிறந்தவர். அர்ச். சின்னப்பர் அவருக்கு எழுதிய நிருபத்தில் அவருடைய பாட்டியையும் தாயையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். அவர்கள் எந்த இனம் என்று அங்கே பேச்சில்லை. பிள்ளைக்கு அவர்கள் கொடுத்ததைத்தான் சொல்லுகிறார்.

பெற்றோரே, இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பாட்டிமாரின் ஊர்க்கதையையும் சொல்லுங்கள். ஒரு பக்கத்து உறவோடு மனத்தாங்கல் இருந்தால், அதன் கதையை முதலில் சொல்லுங்கள். மனத்தாங்கல் உங்களுடையது, பாட்டியோ பிள்ளைக்குச் சொந்தம்.